டிம்மர் சுவிட்சும் உங்கள் மாமாவின் இடது கையும்

பெரியவனே, சின்னவளே, ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். போன வாரம் பெரியவன் கிட்டாருக்கென்று ஒரு பெட்டி வாங்கிவந்து, கூடத்தில் வைத்துக் காலால் மிதித்தபோது, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனேன். "அப்பாவுக்கு இந்த மியூசிக்கெல்லாம் பிடிக்காது" என்று நீ அம்மாவிடம் சொன்னது தெருவரைக்கும் கேட்டது. பிடிக்காமல் இல்லையப்பா. அந்தச் சத்தத்தை நான் என் கையால் செய்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மாமாவின் இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் மடங்காது. பிரஸ் மெஷினில் மாட்டிக்கொண்டது என்றுதான் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் விரல் ஊனமான ஒருவரைப் பார்த்தால் யாரும் காரணம் கேட்பதில்லை, பிரஸ்ஸுதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். உங்கள் மாமாவும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் பிரஸ் அவனைத் தொட்டதே இல்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன், எனக்குத் தெரியும். உங்களுக்கு அவர் மாமா, எனக்கு மச்சான். அப்போது அவனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. மச்சான் வேலை பார்த்தது வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக்கொடுக்கும் ஒரு கம்பெனியில். பவர் பிரஸ் என்பது பார்க்க எளிமையான மெஷின்தான். மேலே ஓர் இரும்புத் தலை, கீழே அச்சு. நடுவில் கையால் தகட்டை வைத்துவிட்டுக் காலால் பெடலை மிதிக்க வேண்டும். மிதித்தால் தலை இறங்கும். கை வெளியே வந்துவிட்டதா என்று அது பார்க்காது. பாதுகாப்புக்கு ஒரு கம்பிக் கூண்டு உண்டு. அது இருந்தால் வேலை வேகமாக ஓடாது என்று கழற்றிப் பரண்மேல் போட்டிருந்தார்கள். நான் அடுத்த தெருவில் டிரான்ஸ்பார்மர் சுற்றும் சின்னக் கம்பெனியில் இருந்தேன். ஒரு நாள் மச்சானைக் கூப்பிடப் போனபோது ஒரு பிரஸ்ஸைச் சுற்றிக் கூட்டம். அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அச்சில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினார்கள். ஈரம் காய்வதற்குள் அடுத்த ஆளை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள்.

மச்சான் மட்டும் அச்சுக்குள் விரல் விடமாட்டான். நீளமான இடுக்கி ஒன்று வைத்துக்கொண்டு அதால் தகட்டைத் தள்ளுவான். எல்லாரும் சிரிப்பார்கள். இரண்டு விரல் போன ஒருத்தர் சாப்பாட்டு நேரத்தில் அவனைச் சீண்டியது நினைவிருக்கிறது.

"எனுக்கு எட்டு கீது. எட்டுலயே சோறு துண்றேன், பீடி புடிக்கிறேன், சைக்கிள் ஓட்டிகினு வரேன். உனுக்கு எதுக்குடா பத்து?"

"பத்து வேணாம் அண்ணாத்தே. எனுக்கு நாலு போதும். இந்தக் கைல நாலு" என்று இடது கையை விரித்துக் காட்டினான்.

கிட்டாருக்காகச் சொன்னான். ஆவடி குவார்ட்டர்ஸில் மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் விட்டுப்போன எலக்ட்ரிக் கிட்டார் அவனிடம் வந்து சேர்ந்திருந்தது. வலது கை கம்பியைத் தட்டும், அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பாட்டு இருப்பது இடது கையின் நாலு விரல்களில். அந்த நாலைக் காப்பாற்றத்தான் கேட்டுக் கெஞ்சி பேக்கிங்குக்கு மாற்றிக்கொண்டு போனான். அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. பிரஸ்ஸில் இருந்தவர்கள் அதைப் பொம்பளை வேலை என்றார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை. எஸ்டேட் பையன்கள் சேர்ந்து நடத்திய மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தான். அதற்கான ஆம்ப்ளிபையரை நான் செய்து கொடுத்தேன். டிரான்ஸ்பார்மர் என் கையால் சுற்றியது. பலகைப் பெட்டி, மேலே கறுப்பு ரெக்சின், உள்ளே பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். சத்தம் போதும் போதும் என்று வரும். ஒரே குறை, கிட்டார் கம்பியில் கை இருக்கும்போது மைக்கில் உதடு பட்டால் பளாரென்று அறைந்ததுபோல் ஷாக் அடிக்கும். உதடு வீங்காமல் அவன் எந்தக் கச்சேரியிலிருந்தும் வீடு வந்ததில்லை.

அப்புறம் ஒரு நாள் யாரிடமோ இரவல் வாங்கிய கேசட்டோடு ஓடிவந்தான்.

"மாமா, இத்தக் கேளு. கிட்டாரு பாடல மாமா. கொல பண்ணுது. இந்த சவுண்டு எனுக்கு வேணும்."

கேட்டேன். ரம்பம் இரும்பில் இறங்குகிற மாதிரி இருந்தது. பழைய பேப்பர் கடையில் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகள் வாங்குவது என் பழக்கம். அதில் ஒன்றில் அந்தச் சத்தத்துக்கான சர்க்யூட் படம் இருந்தது. விஷயம் இவ்வளவுதான்: கிட்டாரிலிருந்து வரும் அலையை, தாங்கும் அளவுக்கு மேல் ஊதிப் பெரிதாக்கி, அதன் தலையையும் காலையும் வெட்டிவிட வேண்டும். வெட்டுப்பட்ட அலை கத்தும். இரண்டு டிரான்சிஸ்டர், நாலைந்து சில்லறைச் சாமான், ஒரு பேட்டரி. காலால் மிதித்தால் மாறுகிற சுவிட்ச்தான் கிடைக்கவில்லை. கடைசியில் பூந்தமல்லி ரோட்டில் லாரி உடைக்கிற இடத்தில் கிடைத்தது. அந்தக் காலத்து லாரிகளில் முன்விளக்கை ஏற்றி இறக்க டிரைவரின் இடது காலடியில் ஓர் இரும்புக் குமிழ் இருக்கும். அதற்கு டிம்மர் என்று பேர். பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்தால்தான் மாறும். அதைத் தகட்டுப் பெட்டியில் பொருத்தினேன். அந்தப் பெட்டிக்கே டிம்மர் என்று பேர் வந்துவிட்டது.

முதல் முறை எங்கள் வீட்டில் மிதித்தபோது அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதின. சத்தம் காதுக்குள் போகவில்லை, நெஞ்சில் குத்தியது. உங்கள் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"இன்னாடா இது, பொட்டி வெடிச்சிடுச்சா?"

"வெடிக்கலக்கா. இப்பிடித்தான் வரணும்."

"இப்பிடி வர்றதுக்குத்தான் ராவும் பகலும் உக்காந்தீங்களா மாமனும் மச்சானும்? ஊட்டுக்கு வெளில போயி வெடிங்க."

ஆயுத பூஜை அன்று கம்பெனியிலேயே கச்சேரி வைத்தார்கள். எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிது. பிரஸ்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஸ்பானர், சுத்தியல், இடுக்கி, எல்லாம் கழுவித் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருக்கும். பூஜை போட்டபிறகு மறுநாள்வரை அவற்றை யாரும் தொடக்கூடாது. வாசலில் பூசணிக்காய்க்குள் குங்குமத்தைக் கரைத்து உடைத்திருந்தார்கள். சிவப்புச் சதைபோல் துண்டுகள் சிதறிக் கிடந்தன. மதியச் சாப்பாட்டுக்கே பாதிப் பேர் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள்.

மைக்செட் வேலப்பன்சாவடிப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. அதன் சொந்தக்காரர் என்னைவிட மூத்தவர், கறுப்பாக, முறுக்கேறிய தோள். முன்பு நாற்று நடவும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். நிலமெல்லாம் பிளாட் ஆனபிறகு, கன்றோடு மாட்டை விற்று மைக்செட் வாங்கியவர். அன்று புது ஸ்பீக்கர் பெட்டிகள் கொண்டுவந்திருந்தார். முதல் முதலாக அவை வெளியே வந்தது அன்றுதான். ஆளுயரப் பெட்டிகள், முன்னால் பளபளவென்று துணி அடித்து, அதன்மேல் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். பெட்டியின் தோளில் கை போட்டுக்கொண்டே எங்களிடம் பேசினார்.

"தம்பி, புதுசு. ரெண்டு நாளு முந்திதான் வந்துது. பாத்து வாசி. கோன் கிழிஞ்சிதுன்னா நான் கிழிஞ்ச மாதிரி."

கோன் என்பது ஸ்பீக்கருக்குள் அதிரும் காகிதக் கூம்பு. மச்சான் தலையாட்டினான். நாங்கள் எங்கள் ஆம்புக்கு முன்னால் அவருடைய மைக் ஒன்றை வைத்துச் சோதித்தபோது டிம்மரை மிதிக்கவில்லை. பாட்டு நடுவில் எல்லாரையும் தூக்கிவாரிப் போடவைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. நான் சொன்னேன், அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு என்று.

"சொன்னா வுடமாட்டாரு மாமா. கேட்டப்புறம் அவரே சலாம் போடுவாரு பாரு."

மூன்றாவது பாட்டில் மிதித்தான்.

இரண்டு பெட்டிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் அந்தச் சத்தம் பாய்ந்தது. தகர ஷெட் கூரை அதிர்ந்து துரு கொட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். அடுத்த நொடி பையன்கள் எழுந்து நின்று ஊளையிட ஆரம்பித்தார்கள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். அவனுடைய இடது கை கிட்டாரின் கழுத்துக்கட்டையில் மேலும் கீழும் பறந்தது. நான் பெருமையாகக் கூட்டத்தைப் பார்த்தேன். அதனால் மைக்செட்காரர் மேடையேறியதைப் பார்க்கவில்லை.

மைக்செட் தொழிலில் இருப்பவர்களுக்குக் காது ஒன்றுதான் மருத்துவர். கரகரவென்றால் கோன் கிழிந்துவிட்டது, உடனே லைனைப் பிடுங்கு. அவ்வளவுதான் அவர்கள் கற்றுக்கொண்டது. கெட்டுப்போனதுபோல் கேட்பதற்கென்றே ஒருவன் பெட்டி செய்வான் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அவர் எங்கள் ஆம்பிலிருந்து கிட்டார் ஒயரைப் பிடுங்கினார். சத்தம் செத்தது. கண்ணைத் திறந்த மச்சான் ஒயர் தானாகக் கழன்றுவிட்டது என்று நினைத்து, குனிந்து திரும்பச் செருகினான். பெட்டிகள் மறுபடி கத்தின.

அவர் ஓங்கி அறைந்தார். மச்சானின் உதடு கிழிந்து பல்லில் இரத்தம் தெரிந்தது.

"கிழிச்சிட்டியேடா. புதுசுன்னு சொன்னனேடா. ரெண்டையும் கிழிச்சிட்டியேடா பாவி."

நான் நடுவில் புகுந்தேன். "அண்ணாத்தே, கிழியல. அந்தச் சத்தமே அப்பிடித்தான். நம்பலன்னா ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கழட்டிப் பாருங்க."

"இன்னிக்கி ஸ்க்ரூ டிரைவர எட்றான்றியா? பூஜ போட்ட சாமானத் தொடச் சொல்றியா? நீ எந்த ஊர்லர்ந்துடா வந்த?" என்று என் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். நான் டிரம்ஸ் மேல் விழுந்தேன். அவருடைய தம்பியும் இன்னொரு ஆளும் மேடையேறினார்கள். கீழேயிருந்து கம்பெனி ஆட்களும் ஏறினார்கள். யாரோ ஒருவன் பூசணித் துண்டை வீசினான். அது மேலே கட்டியிருந்த டியூப்லைட்டில் பட்டு வெடித்துக் கண்ணாடி எல்லார் தலையிலும் கொட்டியது. எட்டு விரல்காரர் பெல்ட்டைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தார். எவன் யாரை அடிக்கிறான் என்று அடிக்கிறவனுக்கே தெரியவில்லை.

அந்த நடுவில் மைக்செட்காரர் கீழே பார்த்தார். மச்சானின் காலடியில் அந்தத் தகட்டுப் பெட்டி. சத்தம் எங்கேயிருந்து வந்தது என்று அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். பக்கத்திலிருந்த மைக் ஸ்டாண்டைத் தூக்கினார். அதன் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, சாப்பாட்டுத் தட்டளவு அகலம், கல்லுரல்போல் கனம். தலைகீழாகத் திருப்பித் தலைக்குமேல் ஓங்கினார்.

அவர் குறி வைத்தது பெட்டியைத்தான். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் உங்கள் மாமாவை அடிக்கவில்லை, பெட்டியை உடைக்கத்தான் இறக்கினார். மச்சான் மண்டியிட்டு, பெட்டியின்மேல் இடது கையை வைத்து மூடினான். பிரஸ்ஸுக்குள் ஒருநாளும் விடாத கை.

இரும்பு இறங்கியது. நான் கேட்ட சத்தம் சின்னதுதான். தேங்காய் மூடியை மிதித்த மாதிரி. அவன் கத்தவில்லை. வாயைத் திறந்து என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். கையை எடுத்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் தட்டையாக இருந்தன. நகம் ஒன்று பெட்டியின்மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். அதுவரை வெறி பிடித்து அடித்துக்கொண்டிருந்த பிரஸ் ஷாப் ஆட்கள் இரத்தத்தைப் பார்த்த அந்த நொடியில் நிதானமாகிவிட்டார்கள். ஃபோர்மேன் யாரும் சொல்லாமலே ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மெஷின் ஒன்றும் ஓடவில்லை, இருந்தாலும் இறக்கினார். பெல்ட் சுழற்றிக்கொண்டிருந்தவர் அதே பெல்ட்டை மச்சானின் முன்கையில் இறுக்கிக் கட்டினார். இன்னொருவர் புது வேட்டியைக் கிழித்துச் சுற்றினார்.

"கைய மேல தூக்கிப் புடி நைனா. கீழ பாக்காத. என் மூஞ்சப் பாரு. நான் எப்பிடி கீறேன், நல்லாத்தான கீறேன்?"

கம்பெனி வேனில் ஏற்றினார்கள். எஸ்டேட்டை ஒட்டி ஒரு நர்சிங் ஹோம் இருந்தது. விரல் கேஸ் எல்லாம் அங்கேதான் போகும். வாசலிலிருந்த நர்ஸ் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எத்தன டன் பிரஸ்ஸு?"

"பிரஸ் இல்லம்மா. மைக் ஸ்டாண்டு" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஆயுத பூஜையன்னிக்கு ஒரு கேஸும் வராதுன்னு நெனச்சேன்" என்றாள்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். விரல்களை எடுக்கவில்லை, தைத்துவிட்டேன், இருக்கும், ஆனால் மடங்காது என்றார். உங்கள் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "மடங்காதுன்னா வாசிக்க முடியுமா சார்?" என்று கேட்டாள். டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. "வேலைக்குப் போகலாம்மா" என்றார்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் மைக்செட்காரர் வந்தார். நேற்றைய சட்டையே, ஒரு கை கிழிந்து தொங்கியது. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் கதவிலேயே நின்றார். மச்சான் முழித்துத்தான் இருந்தான். கட்டுப்போட்ட கை தலையணைமேல் ஒரு மூட்டைபோல் கிடந்தது.

"காலைல பூஜைலர்ந்து சாமான எட்த்து ரெண்டையும் கழட்டிப் பாத்தேன்" என்றார்.

"கிழிஞ்சிருந்துதா?" மச்சான்தான் கேட்டான்.

"இல்லப்பா. ஒரு கீறல்கூட இல்ல. அப்பிடியே கீது."

மச்சான் கூரையைப் பார்த்தான். "அப்ப சவுண்டு கரெக்டாத்தான் வந்துகினு இருந்துதுன்னு சொல்லு" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். தைத்த உதடு இழுத்து வலித்து நிறுத்திக்கொண்டான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

அந்தக் குலுக்கலை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மைக்செட்காரரைத் தோளில் தட்டி, வாங்க என்று கூட்டிக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். படித் திருப்பத்தில் முகத்தில் குத்தினேன். மூக்கு உடைந்து இரத்தம் சுவரில் தெறித்தது. மறுபடி வயிற்றில் குத்தினேன். என்னைவிட இரண்டு மடங்கு பலம் உள்ள ஆள், நினைத்திருந்தால் என்னைப் படியில் உருட்டியிருக்கலாம். கையைத் தூக்கவே இல்லை. இரண்டு கையாலும் பின்னாலிருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் அடி" என்றார். "மாடு வித்தப்பகூட நான் இப்பிடி ஆவல."

எனக்குக் கை ஓய்ந்துபோயிற்று. அவர் தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்ததில்லை. மாங்காட்டுப் பக்கம் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். அவரை அடித்தது சரியா என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் படியில் மறுபடி நின்றாலும் அடிப்பேன் என்பது மட்டும் தெரியும்.

உங்கள் அம்மா தம்பியை விட்டு நகரமாட்டேன் என்றாள். கம்பெனிக்குப் போய் எங்கள் சாமான்களை நான் ஒருவனே சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. பட்டப்பகல். தெருவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். எனக்கு ஒரு சுரமும் வாசிக்கத் தெரியாது. கிட்டார் என்றால் எனக்கு ஒயரும் ஈயப் பற்றும்தான். ஆனால் உங்கள் அம்மா டாக்டரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு வேண்டியிருந்தது.

மேஜை இழுப்பறையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தேன். என் இடது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடங்க முடியாதபடி நேராக நீட்டி, ஒன்றோடொன்று சேர்த்து இறுகச் சுற்றினேன். டேப்பைப் பல்லால் அறுத்தேன். பிறகு தரையில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்து, மிச்சமிருந்த இரண்டு விரல்களால் கம்பிகளை அழுத்தி, வலது கட்டைவிரலால் மேலிருந்து கீழே இழுத்தேன். பாதிக் கம்பிகள் ஒலித்தன. மீதி டொப்பென்று அடங்கின. கட்டிய விரல்கள் குறுக்கே வந்து இடித்தன. விரல் நுனியில் கம்பி கத்திபோல் பதிந்திருந்தது. இரண்டு விரல்களையும் கொஞ்சம் மேலே நகர்த்தி, இன்னும் பலமாக அழுத்தி, திரும்ப இழுத்தேன்.